ஒரே இடத்தில் ஓட்டம்: பெரியதாழைக் குறிப்புகள்

வாசலில் கடலை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் எதற்கு டிரெட்மில் என்று பெரியதாழைக்கு வருகிற விருந்தாளிகள் கேட்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது காலண்டர் படத்துக் கடற்கரை. மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவே இருக்கிற இந்த ஊரில் கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. தூண்டில் வளைவு வேண்டும் என்று ஊர் கேட்டு, கல்லைக் கொட்டி வளைவும் போட்டாயிற்று. தூண்டில் வளைவு ஒரு பக்கம் மணலைச் சேர்க்கும், மறுபக்கம் அரிக்கும். அதன் குணம் அப்படி. மணல் சேர்ந்த பக்கத்தில் வள்ளங்களை ஏற்றியிருப்பார்கள், வலை கிடக்கும், ஆட்கள் வேலையில் இருப்பார்கள். அங்கே ஒருவன் அரைக்கால் சட்டையோடு ஓடினால் இடைஞ்சல். "ஏல, அந்தப் பக்கம் போ" என்று சத்தம் வரும். சத்தம் போடுகிறவர் மேல் தப்பில்லை.

ரோட்டில் ஓடலாமே என்றால், அது கிழக்குக் கடற்கரைச் சாலை. விடிவதற்கு முன்பே மீன் வண்டிகள் பறக்கும். ஓரத்தில் நடக்கத் தனித் தடம் கிடையாது. நாய்கள் தனிக்கதை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் வடக்கே தேரிப் பக்கம் போகவே முடியாது. செம்மண் கண்ணிலும் பல்லிலும் ஏறும். சித்திரையில் காற்றே இருக்காது, காலை ஆறு மணிக்கே உடம்பு நசநசக்கும்.

2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைப்பாதைத் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். கடலோர ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோமீட்டர் கொடுத்தாலும் போதும். அது வரும்வரை வீட்டு வராந்தாதான்.

*

மணலைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். பெல்ஜியத்தில் லெஜூன் என்பவரும் கூட்டாளிகளும் 1998இல் அளந்து பார்த்தார்கள். கெட்டித் தரையில் நடப்பதைப்போல 2.1 முதல் 2.7 மடங்கு சக்தி மணலில் நடக்கச் செலவாகிறது. ஓடுவதற்கு 1.6 மடங்கு. மணலில் ஓட்டத்தைவிட நடைக்குத்தான் கூடுதல் தண்டனை என்பது விசேஷம். 1542இல் இங்கே வந்து, இந்தக் கரையை ஊர் ஊராக நடந்தே சுற்றிய சவேரியாருக்கு உடற்பயிற்சி பற்றி யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. வள்ளம் தள்ளி, வலை இழுத்து, மடியை மணலில் சுமந்து வருகிற ஆளுக்கும் டிரெட்மில் தேவையில்லை. தேவை யாருக்கு என்றால், அந்த வேலையை விட்டுவிட்டு நாற்காலிக்கு வந்த எங்களுக்கு. அப்பா சாப்பிட்ட அளவு சோற்றையே இன்னும் சாப்பிடுகிறோம்.

*

இந்தக் கரையோர ஊர்களில் டிரெட்மில் நுழைந்த வழிகளில் ஒன்று கப்பல். சரக்குக் கப்பலுக்குப் போகிற பையன்கள் இங்கே நிறைய. மாதக்கணக்கில் இரும்புக்குள் வாழ்க்கை. டெக்கில் ஓட எல்லா நேரமும் முடியாது. மெடிக்கலில் எடையும் பிரஷரும் தேறவேண்டும். 2006இல் உருவாகி 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பலில் மாலுமிகளுக்குப் பொழுதுபோக்கு வசதிகளோடு உடற்பயிற்சிச் சாதனங்களையும் வைக்கலாம் என்று வழிகாட்டுகிறது. அங்கே பழகிய கால், ஊருக்கு வந்ததும் அதையே தேடுகிறது.

பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னது: "அண்ணே, கப்பல்ல தரையும் ஆடும், பெல்ட்டும் ஓடும். கொஞ்சம் அசந்தா விழுந்துருவோம், அதனால தூக்கம் வராது. இங்க பெல்ட்டு மட்டுந்தான ஓடுது. அலுப்பா இருக்கு."

அலுப்புக்குக் காரணத்தை இவ்வளவு சரியாக நான் வேறெங்கும் கேட்டதில்லை. கப்பல் உருளும்போது ஏற்ற இறக்கத்தை அலை மாற்றுகிறது. ஒவ்வொரு அடிக்கும் மூளைக்கு வேலை இருக்கிறது. வீட்டு மிஷினில் அந்த மாற்றத்தை நாம் கொடுக்கவேண்டும். கொடுக்காமல் ஒரே வேகம், ஒரே சரிவு என்று முப்பது நிமிஷம் நிற்பவர்தான் பத்தாவது நிமிஷத்தில் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

(கப்பலில் ரோலிங் அதிகமான நாளில் ஓடக்கூடாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், இல்லாவிட்டால் சைக்கிளில் உட்காரலாம். இதுவும் அதே தம்பி சொன்னது.)

*

இந்த மிஷின் அலுப்பூட்டுவது தற்செயல் இல்லை. அதன் முன்னோர் ஒரு தண்டனைக் கருவி.

1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலப் பொறியாளர் சிறைகளுக்காக ஒரு சக்கரம் செய்தார். அகலமான உருளை, அதைச் சுற்றிப் படிகள். கைதிகள் வரிசையாக நின்று மிதித்தால் சக்கரம் சுற்றும், படி கீழே இறங்கும், அடுத்த படியில் கால் வைத்தாக வேண்டும். 1821இல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் வைத்த சக்கரம் பேர்பெற்றது. சில இடங்களில் அது தானியம் அரைத்தது. சில இடங்களில் எதையும் அரைக்காமல் வெறுமனே சுற்றியது. ஆஸ்கார் வைல்டு 1895இல் சிறைக்குப் போனபோது அவரும் மிதித்தார். 1898இல் சட்டம் மாறி, அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்துச் சிறைகளிலிருந்து அது போய்விட்டது.

அங்கே போயிற்று. இங்கே 1908இல் ஓட்டப்பிடாரத்து வ.உ.சிதம்பரம் பிள்ளைக்குத் தண்டனை விதித்து, கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்புதான், 1906இல், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயக் கம்பெனியோடு போட்டிபோட்டுக் கப்பல் விட சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ஆரம்பித்திருந்தார். கடலைக் கடந்துபோகக் கப்பல் வாங்கிய மனிதனுக்கு, நடந்துகொண்டே இருந்தும் எங்கும் போய்ச்சேராத வேலையைத் தேடிப்பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். 1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தபோது கம்பெனி இல்லை, கப்பலும் இல்லை. அந்தச் செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் யாரும் சென்னை போனால் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.

செக்குக்கும் என் வராந்தா மிஷினுக்கும் உள்ள வித்தியாசம் சிவப்புப் பொத்தான். நிறுத்துவது என் கையில் இருக்கிறது. அதை ஒரு சௌகரியமாக மட்டும் நினைக்காமல் உரிமையாக நினைக்க ஆரம்பித்தபிறகு எனக்கு அலுப்பு பாதி குறைந்தது. வேகமும் ஏற்றமும் நேரமும் நம் சொல்படி கேட்கிற ரோடு வேறெங்கும் கிடைக்காது. அப்படிப்பட்ட ரோட்டை வைத்துக்கொண்டு ஒரே மாதிரி ஓடுவது அநியாயம்.

*

நம் பக்கத்தில் பல பெரியவர்கள் டிரெட்மில்லை முதலில் பார்ப்பது இதய டாக்டரிடம். "டி.எம்.டி. எடுத்தாச்சா?" என்பது கல்யாண வீட்டில்கூடக் காதில் விழுகிற கேள்வி. மார்பில் ஒயர்களை ஒட்டி, நடக்கவிட்டு, மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை கூட்டுவார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து டாக்டர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறை அது. அவரும் வெய்ன் குவின்டனும் 1952இலேயே மருத்துவ டிரெட்மில்லைக் கொண்டுவந்துவிட்டார்கள். வீட்டுக்கான மிஷினை வில்லியம் ஸ்டாப் என்ற பொறியாளர் செய்தது 1960களின் கடைசியில்.

புரூஸ் முறையை ஓடுகிறவர்கள் கவனித்துப் பார்க்கவேண்டும். முதல் மூன்று நிமிஷம் மணிக்கு 2.7 கிலோமீட்டர்தான், தெருவில் கதை பேசிக்கொண்டு போகிற வேகம். ஆனால் ஏற்றம் 10 சதவீதம். அடுத்த கட்டம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். அதற்கடுத்து 5.5, 14 சதவீதம். பலர் அதற்குள் போதும் என்று கை காட்டிவிடுவார்கள். ஓடாமலே, முழங்காலை அடிக்காமலே, இதயத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகிறார் டாக்டர். ஏற்றம் தருகிற பலன் அது. வீட்டில் இருக்கிற மிஷினில் அந்த ஏற்றப் பொத்தானைத் தொடாதவர்களே அதிகம்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு என் சிபாரிசு ஏற்ற நடை. சில வருஷங்களுக்கு முன்பு லாரன் ஜிரால்டோ என்ற அமெரிக்கப் பெண் பரப்பிய ஒரு கணக்கு உண்டு: 12 சதவீத ஏற்றம், மணிக்கு 3 மைல், 30 நிமிஷம். நம் கணக்கில் 4.8 கிலோமீட்டர் வேகம், மொத்தம் 2.4 கிலோமீட்டர் தூரம். அதில் 12 சதவீதம் என்றால் ஏறக்குறைய 285 மீட்டர் உயரம். கன்னியாகுமரி வள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி. அதை ஏழு தடவை ஏறுவதற்குச் சமம். தட்டையான பெரியதாழையில் இருந்துகொண்டு! முதல் நாளே 12க்குப் போகவேண்டாம். 4இல் ஆரம்பித்து, வாரத்துக்கு ஒன்று கூட்டினால் போதும். கெண்டைக்கால் பழக நாளாகும்.

சர்க்கரை, பிரஷர், நெஞ்சு அழுத்தம், வீட்டில் யாருக்காவது இளவயது மாரடைப்பு இருந்தால், முதலில் டாக்டர் வைத்திருக்கிற மிஷினில் ஏறிவிட்டு அப்புறம் சொந்த மிஷினுக்கு வாருங்கள்.

*

கம்பியைப் பிடிக்காதீர்கள். ஏற்றத்தில் கம்பியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் உடம்பு பெல்ட்டுக்குச் செங்குத்தாகிவிடும்; ஏற்றம் இருந்தும் இல்லாததுதான். மிஷினோ நீங்கள் முழு ஏற்றமும் ஏறியதாகக் கணக்குப் போட்டுக் கலோரி காட்டும். கலோரி எண்ணை நம்பி இரவு ஒரு பரோட்டா கூடச் சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

*

பெரியம்மாவின் முறை.

சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பெரியம்மாவுக்கு மிஷினில் ஏறுவது முதலில் வெட்கம், அப்புறம் பயம், கடைசியில் சலிப்பு. ஒருநாள் கையில் செபமாலையோடு ஏறினார். ஒரு பத்து மணி சொல்லி முடிக்க ஏறக்குறைய மூன்று நிமிஷம். முதல் பத்து சமதளம்; அடுத்த பத்துக்கு ஏற்றத்தில் இரண்டு கூட்டுவார்; அதற்கடுத்தது மறுபடி சமதளம். 53 மணியும் முடிந்தால் நடையும் முடிந்தது. கடிகாரத்தை அவர் பார்ப்பதே இல்லை.

"மிசின் மேல நின்னு செபிக்கலாமா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"தேருக்குப் பின்னால நடந்துக்கிட்டேதான சொல்லுதோம்? மாதாவுக்கு அதெல்லாம் தெரியும்," என்றார்.

பயிற்சியாளர்கள் இதற்கு வைத்திருக்கிற பெயர் இன்டர்வல். 1930களில் ஸ்வீடனில் யோஸ்டா ஹோல்மர் ஓட்டக்காரர்களைக் காட்டுப்பாதையில் வேகம் மாற்றி மாற்றி ஓடவிட்டது, பெரியம்மா செய்வதற்குத் தூரத்து உறவு. நேரத்தை நிமிஷத்தால் அளக்காமல் வேறொன்றால் அளப்பதுதான் சூட்சுமம். செபமாலை இல்லாதவர்களுக்குக் கிரிக்கெட் இருக்கிறது: இருபது ஓவர் ஆட்டத்தில் ஓர் ஓவர் ஏறத்தாழ நாலு நிமிஷம். ஓவருக்கு ஓட்டம், விளம்பரத்துக்கு நடை. விக்கெட் விழுந்தால் கூடுதல் ஓய்வு. நம் அணி சொதப்புகிற நாளில் நல்ல ஓய்வு கிடைக்கும்.

*

நாலு நிமிஷம் என்றதும் ஞாபகம் வருவது நார்வே முறை. ஹெல்கெருட் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் வருவது: நாலு நிமிஷம் கடுமையாக, உச்ச இதயத் துடிப்பில் 90 முதல் 95 சதவீதம், இப்படி நாலு தடவை, இடையிடையே மூன்று நிமிஷம் சாவகாசமாக, 70 சதவீதத்தில். நிதானமாக நீண்டநேரம் ஓடியவர்களைவிட இப்படி ஓடியவர்களுக்கு உடம்பு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் திறன் அதிகம் கூடியது. முன்னால் பத்து நிமிஷம் உடம்பு சூடாக, கடைசியில் ஐந்து நிமிஷம் ஆற. கூட்டிப் பார்த்தால் நாற்பது நிமிஷம்.

உச்சத் துடிப்புக்கு 220இல் வயதைக் கழிப்பது பழைய கணக்கு. வயதை 0.7ஆல் பெருக்கி 208இல் கழிப்பது நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் நெருக்கமாக வருகிறது. கையில் வாட்ச் இல்லையா, பேசிப்பாருங்கள். முழு வாக்கியம் வந்தால் சாவகாசம். ரெண்டு வார்த்தைக்கு மேல் வராவிட்டால் அதுதான் கடுமை.

வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இதைச் செய்யாதீர்கள். மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓடுகிற வேகம் போதும். தினமும் மூச்சிரைக்க ஓடுகிறவர்தான் மூன்றாவது வாரத்தில் மிஷின்மேல் துண்டைக் காயப்போடுகிறார்.

*

துண்டு என்றதும்: அதை மிஷினின் திரைமேல் போடுங்கள். நேரமும் தூரமும் கண்ணில் படாமல் ஓடிப் பழக வேண்டும்.

மிஷினில் ஓடும்போது வேகம் அதிகமாகத் தோன்றுவது உங்களுக்கு மட்டுமில்லை. சிங்கப்பூரில் கோங் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட சோதனையில், தரையில் ஓடிய அதே வேகத்தை டிரெட்மில்லிலும் பிடியுங்கள் என்று ஓட்டக்காரர்களிடம் சொன்னார்கள். அவர்கள் பிடித்த வேகம் தரை வேகத்தைவிட நன்றாகவே குறைந்திருந்தது. கால் ஓடுகிறது, கண்ணெதிரே எதுவும் பின்னால் போகவில்லை, மூளை குழம்பிப்போகிறது. ஆகவே மிஷினில் மெதுவாக ஓடுகிறோமே என்று வருத்தப்படுவதும் வீண், வேகமாக ஓடிவிட்டதாகப் பெருமைப்படுவதும் வீண்.

கடலைப் பார்த்து மிஷினைப் போட்டால் நன்றாக இருக்கும் என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். கடல் நகராது. கொஞ்ச நேரத்தில் அதுவும் சுவர்தான். தெருவைப் பார்த்துப் போடுங்கள். மீன்காரம்மா போவார், பள்ளிக்கூட வேன் வரும், யாராவது நின்று "இன்னும் எவ்வளவு தூரம் போகணும்?" என்று நக்கலாகக் கேட்பார்கள். ஓட்டத்துக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

*

ஒரு சதவீத ஏற்றம் பற்றி ஜிம்மில் எல்லோரும் சொல்வார்கள். ஆண்ட்ரூ ஜோன்ஸும் ஜொனாதன் டவுஸ்டும் 1996இல் எழுதியது அது. வெளியே ஓடும்போது காற்றைக் கிழிக்கவேண்டும், மிஷினில் அது இல்லை. ஒரு சதவீதம் ஏற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். ஆனால் அவர்கள் சோதித்தது மணிக்கு 10.5 முதல் 18 கிலோமீட்டர் வேகத்தில். மணிக்கு எட்டில் ஓடுகிற நமக்கு அந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. வைத்தாலும் கெடுதல் இல்லை.

கணக்கு ஒன்று: 60ஐ மிஷின் காட்டும் வேகத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம் என்று வரும். 8க்கு ஏழரை நிமிஷம், 10க்கு ஆறு, 12க்கு ஐந்து.

*

காற்றைக் கிழிக்கவேண்டாம் என்பது லாபமா நஷ்டமா? பெரியதாழையில் நஷ்டம். வெளியே பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறவன் மேல், காற்றே அடிக்காத நாளிலும், பத்து கிலோமீட்டர் வேகக் காற்று படுகிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். மிஷினில் நின்ற இடத்தில் வியர்வை சொட்டுகிறது, உலர்வதில்லை. கடலோர ஈரப்பதம் வேறு. உடம்புச் சூடு ஏறி, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கிறது. நமக்கு ஸ்டாமினா இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஒரு பெடஸ்டல் ஃபேனை முன்னால், மார்பு உயரத்துக்கு வைத்துப் பாருங்கள். அதுவும் டிரெட்மில்லின் ஒரு பாகம் என்று நினைத்தே வாங்கவேண்டும். மேலே சுற்றுகிற ஃபேன் உதவாது. அரை மணிக்குமேல் ஓடினால் உப்புப் போட்ட மோர், நீராகாரம், கிடைக்கிற காலத்தில் சுண்ணாம்பு தெளிந்த பதநீர். பதநீரில் சர்க்கரை உண்டு. சர்க்கரை வியாதிக்காரர்கள் மோரோடு நிறுத்திக்கொள்ளவும்.

இந்த வெக்கையையே லாபமாக்கியவரும் உண்டு. அலாஸ்காவில், ஆங்கரேஜ் நகரத்து டாக்டர் கிறிஸ்டின் கிளார்க். பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் டிரெட்மில்லில் ஓடியவர். 2000இல் தென் கரோலினாவில் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் மாரத்தான் தேர்வு நாளன்று நல்ல வெயில். பெரிய பெயர்களெல்லாம் திணற, யாரும் எதிர்பார்க்காத இவர் 2 மணி 33 நிமிஷத்தில் முதலாக வந்தார். அவருக்கு முன்னால் நார்வேயின் இங்ரிட் கிறிஸ்டியான்சென். அவரும் பனிக்காலத்தில் டிரெட்மில்லை நம்பியவர். 1985 லண்டன் மாரத்தானில் 2:21:06. அந்த உலக சாதனை 1998 வரை நின்றது. டிரெட்மில் ஓட்டமெல்லாம் ஓட்டமா என்று கேட்கிறவர்களுக்கு இந்த இரண்டு பெண்கள் போதும்.

*

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். எங்களுக்கு அது பக்கத்து ஊர். அதனால் விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸ் கதை இங்கே பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 2007 ஏப்ரல் 16, கீழே பாஸ்டனில் மாரத்தான் நடக்கும்போது அவர் விண்வெளி நிலையத்தில், மிதந்துபோகாமல் இருக்கத் தோளையும் இடுப்பையும் வார்போட்டு டிரெட்மில்லோடு கட்டிக்கொண்டு, 42 கிலோமீட்டரையும் ஓடினார். நாலு மணி 24 நிமிஷம். அந்த நேரத்துக்குள் நிலையம் பூமியை இரண்டு தடவைக்குமேல் சுற்றிவிடும். அங்கே எடையே இல்லாததால் எலும்பும் தசையும் கரைகின்றன. தினசரி உடற்பயிற்சி விண்வெளிக்காரர்களுக்கு டூட்டி.

*

பெண்கள். இதைத் தனியாக எழுதவேண்டும், சுருக்கமாகவாவது.

இந்தக் கரையில் ஒரு பெண் காலையில் ரோட்டில் ஓடினால் அன்று சாயங்காலம் வரை அதுதான் பேச்சு. நடக்கலாம், கூட்டமாக நடக்கலாம், கோயிலுக்கு நடக்கலாம். ஓடக்கூடாது. இது மாறவேண்டும். மாறும்வரை கதவைச் சாத்திக்கொண்டு ஓட ஒரு மிஷின் இருப்பது சின்ன விஷயம் இல்லை. வீட்டில் டிரெட்மில் வாங்கினால் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதை விடாமல் பயன்படுத்துகிறார்கள் என்பது என் கண்ணில் பட்டது.

துப்பட்டா வேண்டாம். நைட்டி வேண்டாம். ஆண்களுக்கும்: சாரத்தோடு ஏறக்கூடாது. பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவில் துணி போனால் ஆளையும் சேர்த்து இழுக்கும்.

*

பாட்டு. லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் கராஜியோர்கிஸ் பல வருஷமாக இதையே ஆராய்ந்திருக்கிறார். நிமிஷத்துக்கு 120 முதல் 140 தாளம் வரும் பாட்டுகள் ஓட்டத்துக்கு ஒத்துப்போகின்றன என்கிறார். நம் குத்துப்பாட்டு போட்டாலே கால் தானாகப் போகிறது, அதற்குக் கருவி வைத்து அளக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் பார்த்தேன்: எல்லாமே துள்ளல் பாட்டாக இருந்தால் இருபது நிமிஷத்தில் காது ஓய்ந்துவிடுகிறது. கடுமையான நிமிஷங்களுக்கு மட்டும் குத்துப்பாட்டு, மற்ற நேரத்துக்கு ராஜா.

*

மிஷினைப் பற்றி, வாங்கப்போகிறவர்களுக்கு.

கடையில் "நாலு எச்.பி." என்பான். அது ஒரு கணம் எட்டுகிற உச்சமா, தொடர்ந்து ஓடும்போது கொடுக்கிற சக்தியா என்று கேளுங்கள். இரண்டாவதுதான் கணக்கு. ஷூவைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே ஓடிப்பாருங்கள். உயரமான ஆளுக்குப் பெல்ட் நீளம் போதாவிட்டால் எட்டிவைத்து ஓட முடியாது.

கடற்காற்று இரும்புக்கு எமன். போல்ட், ஸ்பிரிங், உருளையின் முனை எல்லாம் உப்புப் பூக்கும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடைக்கவேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்து ஓடலாம், ஓடி முடித்ததும் மூடி, மிஷினுக்கு ஒரு விரிப்புப் போட்டுவிடவேண்டும். பெல்ட்டுக்கு அடியில் சிலிகான் எண்ணெய் மட்டும்தான். தேங்காய் எண்ணெய் ஊற்றினால் பிசினாகி மோட்டாரைத் தின்றுவிடும்.

வெளியே போட்ட ஷூவோடு ஏறாதீர்கள். தேரி மண் மாவுபோலப் பெல்ட்டுக்கு அடியில் போய்ப் பலகையை உப்புத்தாள்போலத் தேய்க்கும். வீட்டு ஓட்டத்துக்கு ஒரு ஜோடி தனியாக இருக்கட்டும்.

எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கரண்டு போனால் பெல்ட் சட்டென்று நிற்கும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இந்த மோட்டாரைத் தாங்காது. கரண்டு அடிக்கடி போய் வருகிற புயல்மழை நாளில் ஓடவே வேண்டாம்.

மிஷினுக்குப் பின்னால் ஆறடியாவது காலியாக இருக்கட்டும். சுவரை ஒட்டிப் போட்டால், விழுகிறவர் பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்.

*

கடைசியாக ஒன்று, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு. 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் டிரெட் பிளஸ் என்ற மிஷினைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது; ஒரு குழந்தை அதில் சிக்கி இறந்திருந்தது. விலையுயர்ந்த மிஷினோ மலிவான மிஷினோ, ஓடுகிற பெல்ட் பிஞ்சு விரலை உரித்துவிடும். பெரும்பாலான டிரெட்மில்களில் கயிறு கட்டிய ஒரு சாவி உண்டு. ஓடும்போது அதன் கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். இறங்கியதும் சாவியை உருவி, சுவிட்சை அணைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் சாவியை வையுங்கள்.